மடக்குக் கத்தியும் மாட்டுக் கயிறும்

பெங்களூரில் வேலை பார்க்கிற என் மச்சான், வீட்டுக்காரியின் தம்பி, போன வாரம் போன் பண்ணினான்.

"மாமா, அடுத்த மாசம் ஊருக்கு வரேன். உங்களுக்கு ஒரு மல்டி டூல் வாங்கிட்டு வரலாம்னு இருக்கேன். கத்தி, ரம்பம், பிளேயர், ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் ஒண்ணுக்குள்ளயே மடங்கி இருக்கும். எட்டு போட்டோ அனுப்பிருக்கேன், எது வேணும்னு சொல்லுங்க."

எட்டையும் பார்த்தேன். ஒன்றில் பதினைந்து கருவி, ஒன்றில் முப்பத்து மூன்று. முப்பத்து மூன்று விதமான வேலையை நான் ஒரு வருஷத்துக்குச் சேர்த்தாலும் செய்வேனா தெரியவில்லை. "யோசிச்சுச் சொல்றேன்டா"ன்னு வைத்துவிட்டேன். ஒரு நிமிஷத்தில் சொல்லியிருக்க வேண்டிய பதில். எனக்கு ஒரு வாரம் ஆனது.

விவசாயின்னா இடுப்பில் அரிவாள் சொருகியிருப்பான்னு சினிமா பார்த்து நினைத்திருப்பீர்கள். எங்கள் பாகூர் பக்கத்தைப் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்பார்கள். அந்த நெல்லை இப்போது அறுப்பது மெஷின். கருக்கரிவாள் வரப்பு ஓரத்துப் புல் அறுக்க, கரும்புக்கு வெட்டுக்கத்தி, தேங்காய்க்கு அரிவாள். அதெல்லாம் அந்தந்த வேலை இருக்கிற அன்றைக்குத்தான் வீட்டை விட்டுக் கிளம்பும். தினமும் கழனிக்கு வருவது சட்டைப் பையில் இருக்கிற சின்னக் கத்திதான். உர மூட்டைத் தையல் பிரிக்கணும், சணல் அறுக்கணும், விதைப் பாக்கெட்டைக் கிழிக்கணும், சொட்டுநீர்க் குழாயைத் துண்டு போடணும், வாழைத்தாருக்கு முட்டுக் கொடுத்த கயிற்றை வெட்டணும், வரப்பில் உட்கார்ந்து ஒரு மாங்காயைக் கீறி உப்பு மிளகாய்த்தூள் தொட்டுத் தின்னணும். இதுக்கெல்லாம் அரிவாளைத் தூக்க முடியாது.

இந்த மல்டி டூல் என்னமோ வெள்ளைக்காரன் கண்டுபிடிப்பு என்பது மச்சானின் எண்ணம். எங்க ஆயா இடுப்பிலேயே ஒன்று இருந்தது. சுருக்குப்பைக் கயிற்றில் ஒரு பித்தளை வளையம், அதில் மூன்று சாமான்: முள்வாங்கி, காதுக் குறும்பி எடுக்கிற குட்டிக் கரண்டி, பல் குத்துகிற ஊசி. பையைத் திறந்தால் பாக்குவெட்டி தனி. ரோமாபுரிக்காரர்கள் காலத்திலேயே கரண்டி, முள்கரண்டி, கத்தி, கூரான ஊசி எல்லாம் மடங்குகிற வெள்ளிச் சாமான் ஒன்று இருந்திருக்கிறது. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் ஃபிட்ஸ்வில்லியம் மியூசியத்தில் வைத்திருக்கிறார்கள், படம் பார்த்தேன். அதை வைத்திருந்தவர் நன்றாகச் சாப்பிடுகிற ஆள் போலிருக்கிறது. எங்க ஆயா வெறுங்காலோடு நடக்கிறவள். அவரவர் பாட்டுக்கு அவரவர் கருவி.

முள் எடுப்பது சின்ன விஷயமாகத் தெரியும். எங்கள் பக்கம் வாய்க்கால் கரை முழுக்கச் சீமைக்கருவேலம். அந்த முள் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு வரும். நுனி உள்ளேயே ஒடிந்துவிட்டால் நாலாம் நாள் சீழ் கட்டி, நடவு நேரத்தில் ஆளைப் படுக்கப் போட்டுவிடும். அமுக்கிப் பிதுக்கினால் இன்னும் உள்ளே போகும். மேல்தோலை ஊசியால் கொஞ்சம் நெம்பிவிட்டு, முள் போன திசையிலேயே இழுக்கணும். ஆயா அதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்வாள். அவள் போன பிறகு அந்த வளையம் எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை. இப்போது எங்கள் வீட்டில் அந்த வேலையைச் செய்வது ஸ்விஸ் கத்தியின் கைப்பிடியில் செருகியிருக்கிற குட்டி இடுக்கி. கத்தியில் எந்தக் கருவி அதிகம் உழைக்கிறது என்று என் பையனைக் கேட்டால் அதைத்தான் சொல்வான்.

என்னிடம் மூன்று மடக்குக் கத்தி உண்டு. மூன்றும் மூன்று விதமாக வந்தவை.

முதலாவது எங்கள் தெருவில் இருந்த சொல்தா தாத்தா கொடுத்தது. வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லணும்: பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர்களை இங்கே 'சொல்தா' என்போம். 1954 நவம்பர் 1-ல் புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்து, 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படி முடிவான பிறகும், பிரெஞ்சுக் குடியுரிமையோடு, பிரெஞ்சு பென்ஷனோடு இருந்த குடும்பங்கள் பாகூர், வில்லியனூர் பக்கமெல்லாம் இருந்தன. தாத்தா அல்ஜீரியா வரைக்கும் போய் வந்தவர். அவர் வைத்திருந்தது ஒபினெல். ஒரு மரக் கைப்பிடி, ஒரே ஒரு அலகு, அலகைப் பூட்ட ஒரு வளையம், அவ்வளவுதான். பிரான்ஸில் சவோய் மலைப் பக்கத்து ஜோசப் ஒபினெல் 1890-ல் செய்ய ஆரம்பித்தது. அந்தப் பூட்டு வளையம் 1955-ல் வந்தது. சேர்ந்த காலத்தில் அது குடியானவர்களின் கத்தி என்று தாத்தா பெருமையாகச் சொல்வார். துருப்பிடிக்கிற பழைய கார்பன் இரும்பு. மாங்காய் நறுக்கினால் கருத்துப்போகும், ஆனால் கல்லில் நாலு இழுப்பு இழுத்தால் தாடி வழிக்கலாம்.

அதில் ஒரு வம்பு உண்டு. மழைக்காலத்தில் மரம் ஊறி உப்பிவிடும், அலகு வெளியே வராது. தாத்தா கைப்பிடியின் பின்பக்கத்தைத் திண்ணையில் 'டொக்'கென்று ஒரு தட்டு தட்டுவார். அலகின் முனை கொஞ்சம் எட்டிப் பார்க்கும், பிடித்து இழுத்துக்கொள்வார். சவோய்க்காரர்களுக்கும் அதே தட்டுதானாம்.

அங்கே ஆட்டு மந்தைக்காரர்கள் வைத்திருந்த லகியோல் கத்தியில் நீளமான ஊசி ஒன்று இருக்கும், ஆடு மாடுக்கு வயிறு உப்பினால் குத்திக் காற்றை விடுவதற்கு என்றும் அவர்தான் சொன்னார். கேட்டுவிட்டு யாரும் முயற்சி பண்ணிவிடாதீர்கள். இடது பக்க விலாவுக்குப் பின்னால் எந்த இடம், எவ்வளவு ஆழம் என்று தெரிந்த கால்நடை டாக்டர் செய்கிற வேலை அது.

இரண்டாவது, கல்யாணமான புதிதில் மாமனார் வழிச் சொந்தக்காரர் ஒருவர் கொடுத்த ஸ்விஸ் கத்தி. சிவப்புக் கைப்பிடி, வெள்ளைச் சிலுவை. 1884-ல் சுவிட்சர்லாந்தில் இபாக் என்ற ஊரில் கார்ல் எல்செனர் பட்டறை போட்டார். 1891-ல் அந்த நாட்டு ராணுவத்துக்குக் கத்தி கொடுக்க ஆரம்பித்தார். அந்தச் சிப்பாய்க் கத்தியில் நாலே சாமான்: அலகு, துளை போடுகிற ஊசி, டின் திறப்பான், துப்பாக்கியைக் கழற்ற ஒரு ஸ்க்ரூ டிரைவர். 1897-ல் அதிகாரிகளுக்கென்று செய்ததில்தான் தக்கை திருகியும் இன்னொரு சின்ன அலகும் சேர்ந்தன. அவர் அம்மா பெயர் விக்டோரியா. துருப்பிடிக்காத இரும்புக்கு 'இனாக்ஸ்' என்று பெயர். இரண்டையும் ஒட்டித்தான் 1921-ல் விக்டோரினாக்ஸ் ஆனது. அம்மா பெயரைக் கடைக்கு வைப்பது நம்ம ஊர் வழக்கம் மட்டும் இல்லை.

பாண்டிச்சேரிக்காரனிடம் தக்கை திருகியா என்று சிரிப்பீர்கள். இத்தனை வருஷத்தில் அது ஒரு தக்கையைக்கூடப் பார்த்ததில்லை, இங்கே பாட்டில் எல்லாம் திருகு மூடிதான். ஆனால் இறுகிப்போன முடிச்சை அவிழ்க்க அதைவிட நல்ல சாமான் கிடையாது. முடிச்சின் நடுவில் முனையை விட்டுத் திருகி நெம்பினால் எப்பேர்ப்பட்ட முடிச்சும் இளகும். மாட்டுக் கயிறு, மூட்டைக் கட்டு, தார்ப்பாய்க் கயிறு, எல்லாத்துக்கும் அதுதான்.

ரம்பம் சின்னதாக இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். மணிக்கட்டுப் பருமன் வேப்பங்கிளையை அறுக்கும். துளை ஊசியில் காது இருக்கிறது, சணல் கோத்துக் கோணி தைக்கலாம். சொட்டுநீர்க் குழாயில் துளை போட மட்டும் அதைத் தொடாதீர்கள். துளை வட்டமாக வராது, சொட்டான் ஓரமாகத் தண்ணி கசிந்துகொண்டே இருக்கும். ஐம்பது துளை போட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதுக்கென்று இருக்கிற பஞ்ச் மலிவுதான். ஸ்க்ரூ டிரைவர் பற்றியும் ஒன்று. மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டியை ஒரு தரம் அதால் கழற்றப் போனேன். மூணு பேஸ், 415 வோல்ட். கத்தி முழுக்க இரும்பு, என் கை ஈரம். பொறி பறந்ததில் திருகு முனை ஓரம் உருகிப் பள்ளமானது. இன்னும் அந்த அடையாளம் இருக்கிறது. அன்றைக்கு மேலே இருக்கிறவன் ஏதோ மறந்துபோய் விட்டுவிட்டான். ஸ்டார்ட்டருக்கு டெஸ்டரும், பிளாஸ்டிக் பிடி போட்ட டிரைவரும்தான்.

இந்தக் கத்தியில் எனக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்று. என்னுடையதில் அலகுக்குப் பூட்டு இல்லை. வில் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். தப்பாக அழுத்தினால் மடங்கி விரல்மேல் வந்து உட்காரும்.

மூன்றாவது, பாண்டி சண்டே மார்க்கெட்டில் காந்தி வீதி நடைபாதையில் 250 ரூபாய்க்கு வாங்கியது. நடுவில் பிளேயர், இரண்டு கைப்பிடிக்குள்ளும் குட்டிக் குட்டிச் சாமான்கள். அமெரிக்காவில் டிம் லெதர்மேன் என்பவர் செய்ததன் நகல். அவர் 1975-ல் மனைவியோடு பழைய ஃபியட் காரில் ஐரோப்பா சுற்றியபோது, வண்டியும் தொல்லை, தங்கின இடத்தில் குழாயும் ஒழுகல். கையில் கத்தி இருந்தது, பிளேயர் இல்லை. அந்தக் கடுப்பில் ஊருக்குத் திரும்பிப் பல வருஷம் உட்கார்ந்து வடிவம் பண்ணி, 1983-ல்தான் விற்க ஆரம்பித்தார். அசல் இங்கே பத்தாயிரத்தைத் தாண்டும். என் 250 ரூபாய்ச் சாமானில் கத்தி வெண்ணெய்கூட வெட்டாது. பிளேயர் மட்டும் பரவாயில்லை. வேலிக் கம்பி முறுக்க, ஆணி பிடுங்க, பம்பு கிளாம்பு இறுக்க என்று மோட்டார் கொட்டகை மாடத்திலேயே போட்டு வைத்திருந்தேன். எண்ணெய் போட்டதில்லை. 250 ரூபாய் சாமானுக்கு யார் எண்ணெய் போடுவார்கள்?

இப்போது அந்த ஒரு வாரக் கதைக்கு வருகிறேன்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் எங்கள் பக்கம்தான் கரை ஏறியது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. 2011 டிசம்பர் 30 தானே புயலைப் பார்த்தவர்கள் நாங்கள், அதனால் காற்றுக்குத்தான் பயந்து ஏற்பாடு பண்ணியிருந்தோம். கூரைக்குக் கயிறு, மரத்துக்குக் கிளை கழிப்பு என்று. தானே மரத்தைக் கொண்டுபோனது. இது தண்ணீர். மழை விட்டு, சரி முடிந்தது என்று மூச்சு விட்டபோது, 2-ஆம் தேதி சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் ஒன்றரை லட்சம் கனஅடிக்கு மேல் தண்ணீர் வருகிறது என்று செய்தி. எங்கள் ஊர் ஆற்றுக்குப் போகிற வழியில்தான் இருக்கிறது.

அன்றைக்குச் சாயந்திரம் பையன் காலில் முள். எடுத்துவிட்டு ஸ்விஸ் கத்தியைச் சட்டைப் பையில் போட்டவன், அப்படியே தூங்கிவிட்டேன். நடு ராத்திரி தாண்டி வீட்டுக்காரி உலுக்கினாள். "ஏங்க, எழுந்திருங்க. கொட்டகையில தண்ணி."

மாட்டுக்கொட்டகையில் முழங்கால் அளவு. மூன்று மாடும் கயிற்றை இழுத்து இழுத்து நைலான் முடிச்சு கல்லாகியிருந்தது. ஈர நைலான் முடிச்சைக் கையால் அவிழ்த்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தக்கை திருகிக்கெல்லாம் நேரமில்லை. கத்தியைத் திறக்க நகம் விடுகிற பள்ளத்தில் ஈர விரல் வழுக்கிக்கொண்டே இருந்தது. கடைசியில் பல்லால் கடித்துத்தான் திறந்தேன். டார்ச்சை அவள் பிடித்தாள். முதல் கயிறு, இரண்டாவது கயிறு. மூன்றாவது மாடு தலையை உதறியதில் அலகு மடங்கி ஆள்காட்டி விரலில் இறங்கியது. அப்போது வலிக்கவில்லை. அம்மா மூன்றையும் ஓட்டிக்கொண்டு மேட்டுத் தெருப் பக்கம் போனாள். அந்த வயசில், அந்த இருட்டில், மாட்டு வாலைப் பிடித்துக்கொண்டு.

கிடேரிக் கன்று அங்கே இல்லை. எட்டு மாசக் கன்று. தாயிடம் பால் குடித்துவிடுகிறது என்று மோட்டார் கொட்டகைச் சாய்ப்பில் தனியாகக் கட்டியிருந்தேன். கயிற்றைக் கடித்துக் கடித்து அறுத்துக்கொண்டு ஓடும் என்பதால் சங்கிலி. கழுத்திலும் சங்கிலி, மறுமுனை கல்தூணில். நடுவில் ஒரு 'எஸ்' கொக்கி. அது கழன்று கழன்று போகிறது என்று இரண்டு வாரம் முன்னால்தான் கொக்கியின் வாயை நெருக்கி மூடியிருந்தேன். அந்த 250 ரூபாய் பிளேயரால்.

நான் போய்ச் சேர்ந்தபோது எனக்கு இடுப்புக்கு மேல் தண்ணீர். கன்று மூக்கை மட்டும் தூக்கிக்கொண்டு நின்றது. என்னைப் பார்த்ததும் கத்தவில்லை, அதுவரை கத்தியிருக்கும். மாடத்தில் கைவிட்டுப் பிளேயரை எடுத்தேன். திறக்கவில்லை. இரண்டு கைப்பிடியும் துருவில் ஒட்டிக்கொண்டு ஒரே கட்டியாக இருந்தது. சுவரில் அடித்தேன், தூணில் அடித்தேன். ஸ்விஸ் கத்தியின் ஸ்க்ரூ டிரைவரைக் கொக்கிக்குள் விட்டு நெம்பினேன். கொஞ்சம் விரிந்தது, கழலுகிற அளவுக்கு இல்லை. ரம்பம் மரத்துக்கு, அலகு கயிற்றுக்கு. இரும்பு வளையத்துக்கு அந்தக் கத்தியில் ஒன்றும் இல்லை. ஒரு கையால் தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையால் நெம்பிக்கொண்டே இருந்தேன். விரலில் இருந்து ரத்தம் போய்க்கொண்டிருந்ததால் பிடியும் வழுக்கியது. பக்கத்துக் கழனிப் பெரியப்பா எங்கிருந்தோ குரல் கொடுத்து, கிட்ட வந்து, என் தோளைப் பிடித்து இழுக்கிற வரைக்கும் அங்கேதான் நின்றேன். அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே கன்று நின்றிருந்தது.

தண்ணீர் வடிந்த பிறகு கொக்கியைப் பார்த்தேன். அரை விரற்கடை விரிந்திருந்தது. இன்னும் அவ்வளவே விரிந்திருந்தால் போதும்.

தாய்ப்பசு நாலு நாள் கத்தியது. பால் பாதியாகக் குறைந்தது. விரலில் ஐந்து தையல்.

பிளேயரைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. ஒரு டப்பாவில் டீசல் ஊற்றி ஊறப் போட்டேன். மூன்றாம் நாள் சுகமாகத் திறந்தது. வெறும் டீசல், மூன்று நாள். அதைக் கையில் வைத்துத் திறந்து மூடித் திறந்து மூடி ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்காரி வந்து வாங்கி உள்ளே வைத்துவிட்டாள்.

ஒபினெல் அந்த வாரம் முழுக்க உப்பிப்போய் மாடத்தில் கிடந்தது. தட்டினாலும் அசையவில்லை. வெயில் வந்த பிறகுதான் வாய் திறந்தது. மரத்தில் தேங்காய் எண்ணெய் ஊற வைத்து, இப்போது சமையலறையில் காய்க்கு வைத்துக்கொண்டிருக்கிறோம். அதற்கு அதுதான் சரியான இடம்.

எங்கள் வீட்டில் இப்போது சங்கிலி இல்லை. எல்லா மாடும் கயிறுதான், அதுவும் ஒரு முனையை இழுத்தால் அவிழ்கிற சுருக்கு. கடித்து அறுத்துக்கொண்டு ஓடினால் ஓடட்டும், தேடிப் பிடித்துக்கொள்ளலாம். கொட்டகைத் தூணில் தலை உயரத்துக்கு ஒரு ஆணி, அதில் உறை போட்ட பழைய கருக்கரிவாள். அதை யாரும் எடுத்துப் புல் அறுக்கக் கூடாதென்று அம்மாவின் உத்தரவு. மாசத்துக்கு ஒரு நாள், பெரும்பாலும் அமாவாசை, எல்லாக் கீலுக்கும் ரெண்டு சொட்டு தையல் மெஷின் எண்ணெய். அமாவாசைக்கும் எண்ணெய்க்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, மறக்காமல் இருக்கத்தான்.

சாணை பற்றியும் சொல்லிவிடுகிறேன், நிறைய பேர் கேட்பார்கள். சைக்கிளில் வருகிற சாணைக்காரரிடம் அரிவாள், அருவாமணை எல்லாம் கொடுங்கள். சின்ன மடக்குக் கத்தியைச் சுற்றுகிற கல்லில் வைத்தால் சூடேறி முனையின் பதம் போய்விடும். தண்ணீர் தெளித்த தட்டைக் கல்லில், பொறுமையாக, கையால்.

மச்சானுக்கு நேற்று ராத்திரி போன் பண்ணினேன். "பிளேயர் நடுவுல இருக்கிறதா பாருடா. கத்தியை வெளியில இருந்தே ஒரு கையால திறக்கணும். திறந்தா பூட்டிக்கணும். லெதர்மேன்ல வேவ்னு ஒண்ணு 1998-லயே அப்படித்தான் வந்திருக்குன்னு படிச்சேன். வேற கம்பெனியா இருந்தாலும் சரி. முப்பத்து மூணு கருவி வேணாம், பத்து போதும்."

"அது கொஞ்சம் வெயிட்டா இருக்குமே மாமா. சட்டைப் பையில வச்சா தொங்கும்."

"பெல்ட்ல மாட்டிக்கிறேன்."

"அப்ப அந்தச் சிவப்புக் கத்தி?"

"அது பையனுக்கு. முள் எடுக்கக் கத்துக்கிட்டான்."

கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். கன்று விஷயம் அவனுக்கும் தெரியும். அதற்குப் பேர் வைத்ததே அவன் பொண்ணுதான். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டான்.

"கலர் எது மாமா? கறுப்பு, சில்வர், ஆரஞ்சு இருக்கு."

"சேத்துல விழுந்தா, டார்ச் அடிச்சா கண்ணுக்குத் தெரியற கலரா பாரு"ன்னேன்.